குறைந்த பணத்தில் பழைய மோட்டார் சைக்கிள்: முதன்முறை வாங்குகிறவருக்கு

கையில் 35,000 ரூபாயை வைத்துக்கொண்டு முதன்முறையாகப் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் புறப்படுகிறவர், அந்தத் தொகை முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிட்டால், வாங்கிய மாதமே டயருக்கும் காப்பீட்டுக்கும் கடன் கேட்க நேரிடும். பெயர் மாற்றக் கட்டணம், காப்பீடு, முதல் சர்வீஸ், செயின் செட் ஆகியவற்றுக்கென நான்கில் ஒரு பங்கையேனும் முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு, மீதிப் பணத்துக்குள் அடங்கும் வண்டியைத் தேட வேண்டும். தேடும்போது முதலில் ஆவணம், பிறகு இன்ஜின், கடைசியாகத் தோற்றம் என்ற வரிசையை விட்டுவிடக் கூடாது. கெட்டுப்போன இன்ஜினைச் செலவு செய்து சரிப்படுத்திவிடலாம். ஆவணம் சிக்கலான வண்டியை எவ்வளவு செலவு செய்தாலும் நம் பெயருக்குக் கொண்டுவர முடியாமல் போகலாம்.

இந்தத் தொகைக்கு 100 முதல் 125 சி.சி. வரையுள்ள, ஊரெங்கும் ஓடுகிற வண்டிகளைப் பார்ப்பதே நல்லது. ஹீரோ ஸ்பிளெண்டர், பஜாஜ் பிளாட்டினா, டிவிஎஸ் ஸ்டார் சிட்டி, ஹோண்டா ஷைன் போன்றவற்றுக்குச் சிற்றூரிலும் உதிரிபாகம் கிடைக்கும். அவற்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்கும் இருப்பார். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வெளியான வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோலை மின்னணு முறையில் அளந்து செலுத்தும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இருக்கிறது. அதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிகளில் பழுது பார்க்கும் செலவு குறைவு. 1996-இல் உற்பத்தி நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ்.100 மீது பலருக்கு ஆசை இருப்பது இயல்பே என்றாலும், அதன் இன்றைய விலையும் பராமரிப்பும் முதல் வண்டி வாங்குகிறவரின் கைக்கு அடங்குபவை அல்ல.

விற்பவரிடம் வண்டி எண்ணைக் கேட்டுப் பெற்றால், நேரில் போவதற்கு முன்பே மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் பதிவு நாள், காப்பீடு முடியும் நாள், வண்டி மீதுள்ள கடன் பதிவு, கட்டாமல் நிற்கும் இ-சலான் (போக்குவரத்து அபராதம்) ஆகியவற்றைப் பார்த்துவிடலாம். கடன் முடிந்துவிட்டது என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை ஏற்காமல், கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றையும் கடன் பதிவை நீக்குவதற்கான, கையெழுத்திட்ட படிவம் 35-ஐயும் கேட்க வேண்டும். சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும், அதன்பின் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சோதனை) காட்டி ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. பதிவு முடிய ஓராண்டே இருக்கும் வண்டியின் விலை குறைவாக இருந்தால், அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

நேரில் போனதும், ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேமின் கழுத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணைத் துணியால் துடைத்துவிட்டு, ஆர்.சி.யோடு (பதிவுச் சான்றோடு) ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட வேண்டும். அந்த இடத்தில் அரம் போட்ட தடமோ, அங்கு மட்டும் புதிதாக அடித்த பெயிண்டோ, எழுத்துகளின் ஆழத்தில் வேறுபாடோ தெரிந்தால், விலையே பேசாமல் திரும்பிவிடலாம். இன்ஜின் எண்ணுக்கும் இதே கவனம் தேவை.

காலமான தந்தையின் பெயரிலேயே இருக்கும் வண்டியை மகன் நல்லெண்ணத்தோடுதான் விற்க வருவார். ஆனால் வாரிசுச் சான்றையும், உரிமையாளர் இறந்தபின் பெயர் மாற்றக் கோரும் படிவம் 31-ஐயும் கொடுத்து அவர் தம் பெயருக்கு மாற்றிய பிறகு வாங்குவதே பாதுகாப்பு. பி.ஒய். எண் கொண்ட புதுச்சேரி வண்டி மலிவாகத் தோன்றும்; அங்கே தடையின்மைச் சான்று வாங்கி, தமிழ்நாட்டில் வரி கட்டி, புது எண் பெறும் அலைச்சலில் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவங்களோடு இரண்டு மூன்று கை மாறிப் புரோக்கரிடம் நிற்கும் வண்டியை, ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் நேரில் வந்தாலொழிய வாங்க வேண்டாம்.

இன்ஜினைச் சோதிக்கக் காலை நேரமே ஏற்றது. தான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, போனவுடன் இன்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால், ஏறக்குறைய எந்த வண்டியும் சூட்டில் எளிதாகக் கிளம்பிவிடும் என்பதால், அந்தச் சோதனையால் பயனில்லை. அது ஆறும்வரை காத்திருந்து மற்றவற்றைப் பார்க்கலாம். குளிர்ந்த இன்ஜினைச் செல்ஃபில் எடுக்காமல் கிக்கரை உதைத்து எடுக்க வேண்டும். உதைக்கும்போது காலுக்கு நல்ல எதிர்ப்பு இல்லாமல் கிக்கர் தளர்வாக இறங்கினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஓடத் தொடங்கியதும் வெளிப்பட்டு, சற்று நேரத்தில் மறையும் வெண்புகை வெறும் நீராவி. இன்ஜின் சூடான பிறகு ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது நீலம் கலந்த புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் போர் (உட்சுவர்) வேலை காத்திருக்கிறது. ஓட்டிப் பார்க்கையில் மேட்டில் இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. இவை விலையைக் குறைத்துப் பேசுவதற்கான காரணங்களே தவிர, வண்டியை ஒதுக்குவதற்கான காரணங்கள் அல்ல.

ஒதுக்குவதற்கான காரணம் ஃபிரேமில் இருக்கும். பத்தடி பின்னால் நின்று இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும்; நேராக ஓடும்போது ஹேண்டில்பார் ஒரு பக்கம் திரும்பியே இருந்தாலும், ஃபிரேமின் கழுத்தில் வெல்டிங் தடம் இருந்தாலும், அது பலமாக மோதிய வண்டி. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஹேண்டிலை மெல்லத் திருப்பினால், நடுவில் சிக்கி நிற்பது, ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட்டின் தேய்மானம். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் விரலை ஓட்டும்போது எண்ணெய் ஒட்டினால் ஆயில் சீல் மாற்ற வேண்டும். கிலோமீட்டர் கணக்கை மாற்றிவிட முடியும் என்பதால், பிரேக் பெடலிலும் ஃபுட்ரெஸ்ட் ரப்பரிலும் உள்ள தேய்மானத்தோடு அதை ஒப்பிட வேண்டும். சென்னை வண்டியாக இருந்தால் 2015, 2023 வெள்ளங்களையும் நினைவில் வைத்து, சீட்டுக்கு அடியிலும் வயரிங் இணைப்புகளிலும் உலர்ந்த சேறு படிந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். தெரிந்த மெக்கானிக் ஒருவருக்கு அரை நாள் கூலி கொடுத்து உடன் அழைத்துப் போவது வீண்செலவு ஆகாது.

விலை படிந்ததும், பணத்தை ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பி, வண்டி கை மாறிய நாளையும் நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் அப்போதே கையெழுத்து வாங்கிவிட்டு, பெயர் மாறும்வரை ஒரு சிறு தொகையை நிறுத்தி வைக்கலாம். ஒரே மாநிலத்துக்குள் விற்கும்போது விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் மாற்றக் கோர வேண்டும். விற்பவர் தயங்கினால், பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் கூறியதை எடுத்துச் சொன்னால், பெயர் மாற்றம் தமக்கும் நல்லது என்பது அவருக்குப் புரியும்.

ஒதுக்கி வைத்த பணத்தில் முதலில் காப்பீடும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட்டும், அடுத்து டயரும் பிரேக் ஷூவும், பிறகு இன்ஜின் ஆயில், பிளக், ஏர் ஃபில்டர், செயின் செட் என்று போகலாம். சீட் கவரும் ஸ்டிக்கரும் காத்திருக்கலாம். புது ஆயில் ஊற்றி 500 கிலோமீட்டர் ஓடிய பின், வண்டியை நேராக நிறுத்தி ஆயில் அளவைக் கம்பியில் பார்க்க வேண்டும்; அளவு கணிசமாக இறங்கியிருந்தால், மீதமுள்ள பணத்தை வேறு எதற்கும் எடுக்காமல் ரிங் வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.