வேரூன்றும் நீர்மூழ்கித் தாவரங்களை ஆய்வகத்தில் வளர்க்கும் முறை

வல்லிஸ்னேரியா, ஹைட்ரில்லா போன்ற நன்னீர்த் தாவரங்கள் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பெரும்பாலும் வேர்வழியே வண்டலிலிருந்தும், கார்பன், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றை இலை, தண்டு வழியே நீரிலிருந்தும் பெறுகின்றன. இதை மறந்து தொட்டி நீரில் முழு உரக்கரைசலைக் கலப்பவருக்கு முதலில் விளைவது நுண்பாசியே. அது இலைகளில் படிந்து ஒளியை மறைத்துவிட்டால், அதன்பின் எடுக்கும் அளவீடு எதையும் நம்ப இயலாது.

ஆகவே உணவை வண்டலில் வைக்க வேண்டும். ஏரி அல்லது குளத்தின் மென்துகள் வண்டலைச் சலித்து, கல்லும் நத்தையும் நீக்கி, ஒரே சீராகக் கலந்து சிறு கலன்களில் நிரப்புக. வெறும் மணலில் சத்துக் குறைவு. மக்கு மிகுந்த சேற்றிலோ வேர்கள் திணறும். ஒரே வண்டலை மீண்டும் பயன்படுத்தினால் அதன் நைட்ரஜன் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், அம்மோனியம் குளோரைடை வண்டலிலேயே கலப்பது நல்லது. மேலே கழுவிய மணலை மெல்லிய அடுக்காகப் பரப்பினால் நீர் கலங்காது.

நீருக்கு, நைட்ரஜனும் பாஸ்பரஸும் இல்லாத ஸ்மார்ட்–பார்கோ கரைசல் (ஸ்மார்ட், பார்கோ என்னும் ஆய்வாளர்கள் வகுத்தது) ஏற்றது. 1 லிட்டர் தூய நீரில் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் சுமார் 92 மி.கி., மெக்னீசியம் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 69 மி.கி., சோடியம் பைகார்பனேட் 58 மி.கி., பொட்டாசியம் பைகார்பனேட் 15 மி.கி. கரைத்தால் போதும்.

ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுள்ள, கிளைக்காத ஹைட்ரில்லா நுனித்தண்டுகளைத் தேர்ந்து, கணுக்கள் சில புதையுமாறு நடுக. வல்லிஸ்னேரியாவுக்கு ஓடுதண்டில் முளைத்த, ஒத்த அளவுள்ள இளஞ்செடிகள் வேண்டும். தொடக்க எடையின் வேறுபாடு முடிவு வரை தொடரும் என்பதால் இங்கே பொறுமை தேவை. 25 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 14 மணிநேர ஒளியும் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். காற்றுக் குமிழிகளை இடைவிடாது செலுத்துக: ஒளிச்சேர்க்கை நீரின் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சப் பகலில் பி.எச். மதிப்பு ஏறும், குமிழிகள் அந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்யும். இதைப் புறக்கணித்தால், சத்துக் குறைவின் விளைவு என்று நாம் எழுதுவது உண்மையில் கார்பன் பஞ்சமாக இருக்கக்கூடும்.

ஆறு முதல் எட்டு வாரங்களில் அறுவடை செய்யலாம். வேர்களைச் சல்லடைமேல் வைத்து மெல்லக் கழுவி, தண்டையும் வேரையும் தனித்தனியே எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி நிறுக்கவும். ஹைட்ரில்லாவின் சிறு துண்டும் மீண்டும் தழைக்கும். ஆதலால் கழிவுநீரை வடிகட்டி, எஞ்சிய துண்டுகளை முற்றிலும் உலர்த்தியோ ஆட்டோகிளேவ் என்னும் உயரழுத்த நீராவிக் கலனில் இட்டோ அழித்த பின்னரே அகற்ற வேண்டும்.