கோடைப் பட விமர்சனத்தை எப்படிப் படிப்பது? எழுதுகிறவனே சொல்கிறேன்

விமர்சனத்தில் போடும் ஸ்டார் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு டிக்கெட் போடாதீர்கள். விமர்சனம் முழுக்க எழுதி முடித்த பிறகு, ஆசிரியர் கேட்கிறாரே என்று போடுவதுதான் அது. இரண்டே முக்காலுக்கும் மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் நானே முழிப்பேன்.

அதைவிட, நான் என்ன குறை சொல்லியிருக்கிறேன் என்று தேடுங்கள். அது உங்களுக்கும் குறைதானா என்று பாருங்கள். 2025 மே 1 அன்று ‘ரெட்ரோ’வும் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யும் ஒரே நாளில் வந்தன. இரண்டாவதில் எனக்கு ஒரு மனத்தாங்கல்: இலங்கையிலிருந்து தப்பி வந்த குடும்பம் குடியேறுகிற அந்தக் காலனியில் கிட்டத்தட்ட எல்லாருமே கடைசியில் நல்லவர்களாகிவிடுகிறார்கள். சசிகுமார் பேசினால் போதும், எதிர்வீட்டுச் சிடுமூஞ்சியும் உருகிவிடுகிறது. இதை அக்காவிடம் சொன்னேன். “அப்போ மாமியாரைக் கூட்டிட்டுப் போகலாம்”னு உடனே நாலு டிக்கெட் போட்டுவிட்டாள். விமர்சனத்தை இப்படித்தான் படிக்க வேண்டும். ‘ரெட்ரோ’ விஷயத்தில் என் புகார் வேறு: கதை தீவுக்குப் போனதும் திசைக்கொன்றாகச் சிதறுகிறது. ஆனால் ‘கனிமா’ பாட்டோடு வரும் நீளமான சிங்கிள் ஷாட் கல்யாணக் காட்சிக்காகவே போகிறவர்கள் உண்டு. அவர்களிடம் என் புகார் செல்லாது.

அடுத்து, விமர்சனம் எப்போது வந்தது என்று கவனியுங்கள். இங்கே ஒன்பது மணிக் காட்சி ஆரம்பிக்கும் முன்பே பக்கத்து மாநிலங்களிலிருந்து ‘இன்டர்வல் பிளாக் வெறித்தனம்’ என்று பதிவுகள் வந்துவிடும். பாதிப் படத்தைப் பற்றிய பேச்சு அது. பெரிய ஹீரோ படமென்றால் விசில் சத்தத்தில் எங்களுக்கே பாதி வசனம் கேட்காது. முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று 2024 டிசம்பரில் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் தடை விதிக்கவில்லை, நல்லவேளை. ஆனாலும் அவசரம் இல்லாதவர்கள் சனிக்கிழமை வரை பொறுத்து, இரண்டு மூன்று பேர் எழுதியதைச் சேர்த்துப் படிக்கலாம்.

பிள்ளைகளோடு போவதாக இருந்தால் சான்றிதழையும் பாருங்கள். இப்போது யு/ஏ-விலேயே 7+, 13+, 16+ என்று மூன்று வகை. அது பெற்றோருக்கான வழிகாட்டல் மட்டும்தான். தியேட்டர்காரர் வாசலில் நிறுத்த மாட்டார், முடிவு உங்களுடையது. ரத்தம் எவ்வளவு தெறிக்கிறது என்று விமர்சனத்தில் எழுதாவிட்டால், எழுதியவரைக் கேட்டுவிடுங்கள். நான் பதில் சொல்வேன்.

அப்புறம், விமர்சகருக்கு எது ஒவ்வாது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பேயும் காமெடியும் கலந்த படமென்றால் நான் போஸ்டரிலேயே முகம் சுளிப்பேன். 2024 கோடையில் நன்றாக ஓடியது ‘அரண்மனை 4’! என் கருத்து மாறவில்லை. என் அந்த ஒவ்வாமையைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு நீங்கள் படியுங்கள்.

எதுவும் பிடிபடவில்லையென்றால் ஒரு மாதம் பொறுங்கள், பெரும்பாலான தமிழ்ப் படங்கள் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. விமர்சனத்தில் ஒளிப்பதிவையும் சத்தத்தையும் பற்றி ஒரு பத்தி இருந்தால் மட்டும் தியேட்டருக்கே போய்விடுங்கள்.