லிவோர்னோவில் பதினொன்றரை மணி நேரம்: முதன்முறை கப்பலேறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்சலோனாவில் புறப்பட்டு, இத்தாலியின் நேப்பிள்ஸ், சிவிட்டாவெக்கியா, லிவோர்னோ, பிரான்சின் மார்செய், ஸ்பெயினின் பால்மா வழியாக மீண்டும் பார்சலோனாவுக்கே திரும்பும் 7 இரவுக் கப்பல் பயணத்தில், இந்த மே மாதம் கோயம்புத்தூரிலிருந்து எங்கள் உறவுக் குடும்பங்கள் நான்கு என்னோடு வந்தன. எனக்கு இது ஒன்பதாவது கப்பல். அவர்கள் எல்லோருக்கும் முதலாவது. 2014ஆம் ஆண்டு இதே மத்தியதரைக் கடலில் நானும் என் மனைவியும் செய்த தவறுகளை ஏறக்குறைய அதே வரிசையில் அவர்கள் மறுபடியும் செய்ததைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். கடவுச்சீட்டின் நகலை எடுத்துக்கொள்ள வேண்டும், குமட்டலுக்கு மாத்திரை வைத்திருக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் எந்தப் பயண முகவரும் சொல்லிவிடுவார் என்பதால் அவற்றைத் தொடவில்லை.

துறைமுகத்தை ஊர் என்று எண்ணுவது

விளம்பரத் தாளில் 'ரோம்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கப்பல் போய் நிற்பதோ சிவிட்டாவெக்கியாவில். பேரரசர் டிராஜன் காலத்தில் கட்டப்பட்ட பழம்பெரும் துறைமுகம் அது என்பது உண்மைதான். ஆனால் ரோம் அங்கிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். காஞ்சிபுரத்தில் இறக்கிவிட்டு, 'சென்னை வந்துவிட்டது' என்று அறிவிப்பதற்கு ஒப்பானது இது. 'புளோரன்ஸ், பீசா' என்று போட்டிருந்தால் அது லிவோர்னோ. அங்கிருந்து பீசா பக்கம். புளோரன்ஸ் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். மார்செயில் கப்பல் மார்செயில்தான் நிற்கும் என்றாலும், பழைய துறைமுகப் பகுதிக்குப் போய்ச் சேரப் பேருந்து வேண்டும்.

நேப்பிள்ஸ் இதற்கு நேர்மாறு. கப்பலை விட்டு இறங்கினால் எதிரிலேயே காஸ்தெல் நுவோவோ கோட்டை நிற்கும். சாலையைக் கடந்தால் நகரம். அங்கே போய்க் கட்டணம் செலுத்தி நகர்ச் சுற்றுலாப் பேருந்தில் ஏறிய எங்கள் குழுவினர் இருவர், பேருந்து நகர்வதற்குள் நாங்கள் நடந்தே கோட்டையைத் தாண்டிவிட்டதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே பயணத்துக்கு முன்பே ஒவ்வொரு துறைமுகத்துக்கும் வரைபடத்தைத் திறந்து, கப்பல் நிற்கும் மேடைக்கும் நீங்கள் பார்க்க விரும்பும் இடத்துக்கும் உள்ள தொலைவைத் தனித்தனியே அளந்துகொள்ளுங்கள்.

கப்பல் நிற்கும் நேரத்தை உங்கள் நேரம் என்று நம்புவது

2014இல் நான் ஒரு தாளில் போட்ட கணக்கு இன்னும் என் பழைய கோப்பில் இருக்கிறது. லிவோர்னோவில் கப்பல் நிற்பது காலை 7 முதல் மாலை 6.30 வரை, ஆகப் பதினொன்றரை மணி நேரம். புளோரன்சுக்கு 4 மணி, பீசாவுக்கு 2 மணி, ரயிலுக்கு 3 மணி, மீதி இரண்டரை மணி கையிருப்பு. முப்பது ஆண்டுகள் வங்கியில் கணக்கு முடித்தவன் என்பதால் கூட்டலில் பிழை இல்லை. கூட்டிய எண்கள்தாம் பொய்.

காலை 7 மணி என்பது கப்பல் கரையைத் தொடும் நேரம். பயணி கரையைத் தொடும் நேரம் அன்று. கயிறுகளைக் கட்டி முடித்து, உள்ளூர் அதிகாரிகளின் ஒப்புதல் கிடைத்து, இறங்குபடி திறக்கப்பட்டு, கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் பணம் கட்டியவர்கள் முதலில் வெளியேறிய பிறகே நம்மைப் போன்ற தனி ஆட்களின் முறை வரும். லிவோர்னோ ஒரு சரக்குத் துறைமுகம். கொள்கலன்களும் லாரிகளும் நடமாடும் அந்த வளாகத்துக்குள் பயணிகள் நடந்து செல்ல முடியாது என்பதால், நகர மையம் வரை ஷட்டில் பேருந்துக்காக வரிசையில் நிற்க வேண்டும். நகர மையத்தில் இறங்கினால் ரயில் நிலையம் அங்கே இருக்காது. அதற்கு இன்னொரு பேருந்து. நாங்கள் லிவோர்னோ சென்ட்ரல் நிலையத்தில் ரயில் ஏறியபோது மணி 9.20. புளோரன்சில் இறங்கியபோது 10.50. காலைப் பொழுதில் ஏறக்குறைய நான்கு மணி நேரம், எதையும் பார்க்காமலேயே கரைந்துவிட்டது.

மாலையிலும் இதே கதைதான், தலைகீழாக. 6.30 என்பது கப்பல் புறப்படும் நேரம். பயணிகள் கப்பலுக்குள் இருக்க வேண்டிய கடைசி நேரம் அதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னதாகவே இருக்கும். இறங்கும் வழியில் ஒரு பலகையில் எழுதியும் வைத்திருப்பார்கள். அந்தப் பலகையைப் படிக்கிறவர்களைவிட அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களையே நான் அதிகம் பார்க்கிறேன்.

அன்று புளோரன்சில் பேராலயத்தின் வாசல் வரிசையைப் பார்த்தோம், பேராலயத்தைப் பார்க்கவில்லை. பீசாவில் நிலையத்திலிருந்து சாய்ந்த கோபுரத்துக்கு 25 நிமிட நடை, திரும்ப 25 நிமிட நடை, இடையில் கோபுரத்தடியில் நின்றது 17 நிமிடம். நிலையத்துக்கு வந்தால் அறிவிப்புப் பலகையில் எங்கள் ரயிலுக்கு நேரே தாமதம் என்று ஒளிர்ந்தது. 80 யூரோ கொடுத்து டாக்சியில் பறந்து, கடைசி நேரத்துக்கு 8 நிமிடம் இருக்கையில் கப்பலேறினோம். என் மனைவி அன்றிரவு என்னோடு பேசவில்லை.

இந்த ஆண்டு லிவோர்னோவுக்கு முந்தைய இரவு, சாப்பாட்டு மேசையில் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். என் சித்தப்பா மகனும் சிரித்துவிட்டு, "பதினோரு மணி நேரம் இருக்குதுங்கண்ணா, ரெண்டையும் பாத்துப்போட்டு நேரமே வந்தரலாம்" என்றார். மறுநாள் காலையில் இறங்குபடியில் மறுபடியும் சொன்னேன். ஷட்டில் வரிசையில் மூன்றாவது முறையும் சொன்னேன். அவரும் அவர் மனைவியும் முதலில் புளோரன்சுக்குப் போனார்கள். மாலையில் பீசாவை நோக்கித் திரும்பும் ரயில், வழியில் எம்போலியில் 50 நிமிடம் நின்றுவிட்டது. அவர்கள் துறைமுக வாயிலை அடைந்தபோது கப்பல் அலைதடுப்புச் சுவரைத் தாண்டிக்கொண்டிருந்தது. மேல்தளத்தில் நின்றிருந்த எனக்கு அவர்கள் தெரியவில்லை; அவர்களுக்குக் கப்பல் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

கப்பல் ஏன் காத்திருப்பதில்லை என்று இன்னும் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். வழிகாட்டி மாலுமிக்கும் இழுவைப் படகுக்கும் நேரம் குறித்தாகிவிட்டது. மறுநாள் துறைமுகத்தில் மேடையும் நேரம் குறித்து வாங்கியதுதான். இரண்டு பேருக்காக ஆயிரக்கணக்கானோரை எந்தக் கப்பல்தலைவரும் நிறுத்திவைக்க மாட்டார். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதித்தால் நிலைமை வேறு: கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகம் வரை அவர்களைக் கொண்டுசேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பாகும். தனியே போனவர்களுக்குச் செய்யப்படும் உதவி, கேபினில் உள்ள பெட்டகத்தைத் திறந்து கடவுச்சீட்டுகளை எடுத்துத் துறைமுக முகவரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்வதோடு முடிகிறது. அன்றும் அப்படித்தான் செய்தார்கள்.

அடுத்த துறைமுகம் மார்செய். அன்றிரவே ரயிலில் ஜெனோவா, அங்கே ஒரு விடுதி, விடியற்காலை எல்லை ஊரான வெந்திமில்லியா, அங்கிருந்து நீஸ், அங்கிருந்து மார்செய். பிற்பகல் இரண்டரை மணிக்கு வந்து சேர்ந்தார்கள். இருவருக்குமாக 500 யூரோவுக்கு மேல் செலவு. இவ்வளவுக்கும் பிறகு, 'புளோரன்சில் என்ன பார்த்தீர்கள்' என்று கேட்டால், பேராலயத்தின் வாசல் வரிசையைப் பற்றிச் சொன்னார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையாகவே எரிச்சல் வந்தது. அவருக்கு அதைவிட, மதிய பஃபே மூடிவிட்டார்களா என்பதே கவலையாக இருந்தது.

கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். கப்பலேற வேண்டிய கடைசி நேரம் 6 மணி என்றால், துறைமுக வாயிலில் 5 மணிக்கு நிற்க வேண்டும். அதற்கு லிவோர்னோ ரயில் நிலையத்தில் 4 மணிக்கு இறங்க வேண்டும். அதற்கு, ஒரு ரயில் ரத்தானாலும் அடுத்ததில் வந்துசேரும்படி, புளோரன்சில் ஒன்றரை மணி வாக்கில் ரயிலேற வேண்டும். காலை 10.50க்கு இறங்கி 1.30க்கு ஏறினால் கையில் இருப்பது 2 மணி 40 நிமிடம். புளோரன்சுக்கு அது போதுமா என்பது உங்கள் விருப்பம்; பீசாவுக்கு அதில் இடமில்லை என்பது கணக்கு.

புளோரன்சோ ரோமோ பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள், முதல் முறையாவது, காலையில் நகரில் இறக்கிவிட்டு மாலையில் ஏற்றிவரும் கப்பல் நிறுவனப் பேருந்தை எடுத்துக்கொள்ளலாம். வழிகாட்டியோடு சுற்றும் சுற்றுலாவைவிட இதற்குக் கட்டணம் குறைவு. தாமதமானால் பொறுப்பும் அவர்களுடையது. அது வேண்டாம் என்றால் பீசாவை மட்டும் பாருங்கள். லிவோர்னோவிலிருந்து ரயிலில் 20 நிமிடத்துக்குள் போய்விடலாம்.

லிவோர்னோவையே பார்ப்பது இன்னும் நல்லது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கால்வாய்கள் ஓடும் வெனெட்சியா பகுதியும், நீர் சூழ்ந்த புதுக்கோட்டையும், கூரையிட்ட பெரிய சந்தையும், கடலோரத்தில் சதுரங்கப் பலகைபோல் கருப்பு வெள்ளைக் கற்கள் பதித்த மஸ்காஞ்ஞி மேடையும் அரை நாளுக்குத் தாராளமாகப் போதும். கொண்டைக்கடலை மாவை எண்ணெயோடு கரைத்து, வாய் அகன்ற தட்டில் ஊற்றி, அடுப்பில் சுட்டெடுத்து, ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். 'ஐந்தும் ஐந்தும்' என்று பொருள்படும் 'சின்க்வே எ சின்க்வே' என்பது அதன் பெயர். ஐந்து காசுக்கு ரொட்டி, ஐந்து காசுக்கு அடை என்று கேட்டு வாங்கிய காலத்துப் பெயராம். சைவர்களுக்கு அந்த ஊரில் இதைவிட நல்ல மதியச் சாப்பாடு கிடையாது. இந்த முறை நாங்கள் ஆறு பேர் அதைத்தான் சாப்பிட்டோம். மூன்று மணிக்குக் கப்பலுக்கு வந்து தூங்கினோம்.

கிழமை பார்க்காமல் திட்டமிடுவது

மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் வத்திக்கான் அருங்காட்சியகம் மூடியிருக்கும். புளோரன்சில் உஃபிட்சி ஓவியக்கூடம் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். கப்பல் உங்களுக்காகக் கிழமையை மாற்றிக்கொள்ளாது.

ரயில் சீட்டில் முத்திரை குத்தாமல் ஏறுவது

இத்தாலியில் வட்டார ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால், நிலையத்தில் உள்ள சிறு இயந்திரத்தில் அதைச் செருகி முத்திரை குத்திய பிறகே ஏற வேண்டும். அபராதம் உண்டு.

ஒருமுறை நுழைவு விசா

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சில வழித்தடங்கள் நடுவில் துனீசியாவின் லா கூலெட் துறைமுகத்தைத் தொட்டுவிட்டு மீண்டும் இத்தாலிக்கோ ஸ்பெயினுக்கோ வருகின்றன. அப்படியானால் நீங்கள் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா போதாது. விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன் வழித்தடத்தில் உள்ள ஒவ்வொரு நாட்டின் பெயரையும் படிக்கவும்.

புறப்படும் நாளன்றே விமானத்தில் வந்து இறங்குவது

வேண்டாம்.

அவசரகாலப் பயிற்சியை அரைக்கண்ணால் பார்ப்பது

2012 ஜனவரி 13 அன்று மாலை கோஸ்டா கொன்கோர்டியா கப்பல் சிவிட்டாவெக்கியாவில் புறப்பட்டு, அன்றிரவே ஜில்லியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று சிவிட்டாவெக்கியாவில் ஏறியவர்களுக்கு இன்னும் அவசரகாலப் பயிற்சி நடந்திருக்கவில்லை, ஏனெனில் கப்பலேறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி முடிந்திருக்க வேண்டும் என்று 2015இல் விதி மாறியது. இப்போது பல கப்பல்களில் கைப்பேசியிலோ கேபின் தொலைக்காட்சியிலோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, கூடுமிடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் போதும் என்றாகிவிட்டது. எங்கள் இளைஞர்கள் காணொளியை ஓடவிட்டுவிட்டுக் குளிக்கப் போனார்கள். ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் எதற்கு என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அதுதான் பொது அபாய அறிவிப்பு. அதைக் கேட்டால் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்பதால், உங்கள் கேபினிலிருந்து கூடுமிடத்துக்குப் படிக்கட்டு வழியாக முதல் நாளே ஒரு முறை நடந்து பாருங்கள்.

கெட்டிலும் ரைஸ் குக்கரும்

கப்பல் ஊழியர்கள் ஏறும்போதே உங்களிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும்போது திருப்பித் தருவார்கள்.

சைவம் என்று மட்டும் சொல்வது

அங்கே சைவம் என்றால் முட்டையும் பாலாடைக்கட்டியும் அதில் அடக்கம். முட்டை கூடாது என்றால் அதைத் தனியே சொல்ல வேண்டும். முதல் இரவு உணவின்போதே தலைமைப் பரிசாரகரை அழைத்து, என்ன உண்பீர்கள், என்ன உண்ணமாட்டீர்கள் என்பதைப் பொறுமையாகச் சொல்லிவிட்டால், மறுநாளிலிருந்து முன்கூட்டியே கேட்டு வைத்துச் சமைத்துத் தருவார்கள். பெரும்பாலான கப்பல்களில் சமையலறையிலோ பரிமாறுவதிலோ இந்தியர் ஒருவராவது இருப்பார், பருப்பும் சோறும் என்றால் என்னவென்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை. நான்காம் நாள் வரை ரொட்டியையும் பழத்தையும் தின்று தீர்த்துவிட்டு, ஐந்தாம் நாள் கப்பலைத் திட்டும் வழக்கத்தை நான் 2014இல் தொடங்கிவைத்தேன். எங்கள் குடும்பத்தில் அது இன்னும் தொடர்கிறது.

கடலில் கைப்பேசியை விமான நிலையில் (ஏர்பிளேன் மோடில்) வைக்காதது

கரை மறைந்ததும் கைப்பேசி தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பைப் பிடித்துக்கொள்ளக்கூடும். நீங்கள் வாங்கிய ஐரோப்பிய ரோமிங் திட்டத்தில் அது பெரும்பாலும் சேராது. ஊருக்குத் திரும்பிய பிறகு வரும் பில்லைப் பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் பேசிப் பயனில்லை.

கடைசி இரவில் எல்லாத் துணிகளையும் பெட்டிக்குள் வைப்பது

இறங்குவதற்கு முந்தைய இரவு பெரிய பெட்டிகளைக் கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும். பணியாளர்கள் எடுத்துச் சென்றுவிடுவார்கள். மறுநாள் கரையில்தான் அவை மீண்டும் கண்ணில் படும். மறுநாள் அணியும் உடையை வெளியே எடுத்து வைத்த பிறகே பெட்டியைப் பூட்டவும். பார்சலோனாவில் இறங்கிய காலையில் என் மைத்துனர் உணவறைக்கு லுங்கியோடு வந்தார்.