முழங்கால் வலிக்காமல் குதிக்க: என் அனுபவம்

மும்பை சிவாஜி பார்க்கைச் சுற்றியுள்ள குட்டைச் சுவரிலிருந்து குதித்து பார்க்கூர் (சுவர், தடைகளைத் தாவிக் கடக்கும் பயிற்சி) பழகும்போது எனக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே வலி வந்தது. மாட்டுங்காவில் கூடப் பழகும் அண்ணன் ஒருவர், "தம்பி, நீ இறங்குற சத்தத்தைக் கேளு" என்றார். 'தொப்'பென்று கேட்டால் தசை சரியாக வேலை செய்யவில்லை, அதிர்வு மூட்டுக்குப் போகிறது.

வலி அடங்கும்வரை குதிக்கவில்லை. அப்புறம் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, நின்ற இடத்திலிருந்து இரண்டு காலாலும் தாவி அதன்மேல் இறங்கினேன். முன்பாதம் முதலில் படவேண்டும். உடனே இடுப்பும் முழங்காலும் மடங்கவேண்டும். ஆனால் 90 டிகிரியைத் தாண்டி உட்காரக் கூடாது. முழங்கால், கால்விரல் பார்க்கும் திசையிலேயே இருக்கவேண்டும். எனக்குச் சிக்கலே இதில்தான். சோர்ந்தால் இடது முழங்கால் உள்ளே சாயும். சாய்ந்தால் அன்றைக்குக் கடையைக் கட்டிவிடுவேன். ஸ்குவாட்டும் (உட்கார்ந்து எழுவது), படியிலிருந்து ஒற்றைக்காலில் மெதுவாக இறங்கும் பயிற்சியும் நன்றாகக் கைகொடுத்தன.

சத்தமில்லாமல் இறங்க வந்த பிறகுதான் உயரம். உயரத்திலிருந்து குதித்ததும் உருள்வதை, பார்க்கூர் முன்னோடி டேவிட் பெல் வீடியோ பார்த்துவிட்டு சிமெண்டில் செய்யாதீர்கள், புல்லில் பழகுங்கள். உருளல் ஒரு தோளில் தொடங்கி எதிர்ப்பக்க இடுப்பில் முடியவேண்டும். முதுகெலும்பு நேராகத் தரையில் படக் கூடாது.

மழைக்காலத்தில் சுவர் வழுக்கும். ஜூன் முதல் செப்டம்பர்வரை எனக்குத் தரைப் பயிற்சி மட்டும்தான்.