டர்னரின் ரயிலைப் பொறியாளர் கண்ணால் பார்ப்பது எப்படி?

ஆங்கில ஓவியர் டர்னர் வரைந்து, 1844-இல் லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைக்கப்பட்ட ‘மழை, நீராவி, வேகம்’ என்ற எண்ணெய் வண்ண ஓவியத்தை இப்பயிற்சிக்கு எடுத்துக்கொள்வோம். மூல ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில் உள்ளது. அவர்களுடைய இணையதளப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும். தாளும் பென்சிலும் அருகில் இருக்கட்டும்.

முதலில், வண்ணங்களை மறந்துவிட்டுப் பாலத்தின் இரு பக்கச் சுவர்களை மட்டும் கோடுகளாக வரையுங்கள். வலது கீழ்ப்புறத்தில் அகன்று தொடங்கும் அவை படத்தின் நடுவை நெருங்கும்போது வெகுவாகக் குறுகிவிடுகின்றன. ரயில் நம்மை நோக்கிப் பாய்வதாகத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் இந்தக் குறுக்கமே.

அடுத்து, ரயிலின் எடை எந்த வழியாகத் தரைக்குப் போகிறது என்று கேளுங்கள். நிதானமாகச் செய்ய வேண்டிய படி இதுதான். ஓவியத்தில் இருப்பது, தேம்ஸ் ஆற்றின் குறுக்கே பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புரூனல் கட்டிய மெய்டன்ஹெட் ரயில் பாலம். 1839-இல் அதில் ரயில் ஓடத் தொடங்கியது. ஆற்றின் நடுவே ஒரே தூண், அதன் இருபுறமும் ஏறத்தாழ 39 மீட்டர் அகலமுள்ள இரண்டு செங்கல் கண்கள், அதாவது வளைவுகள். அரைவட்டமாகக் கட்டியிருந்தால் ஒவ்வொரு கண்ணும் 19.5 மீட்டர் உயர்ந்திருக்கும். தண்டவாளம் மேடேறக் கூடாது, படகுகளுக்கும் வழி வேண்டும் என்பதால், புரூனல் உயரத்தைச் சுமார் 7.3 மீட்டரில் நிறுத்தினார். தாளில் 16 செ.மீ. அகலமும் 3 செ.மீ. உயரமுமாக ஒரு வளைவு வரைந்தால் அந்தத் துணிச்சல் கைக்கே புரியும். வளைவு எடையைத் தூணுக்கும் கரைக்கும் கடத்தும்போது அவற்றைப் பக்கவாட்டிலும் தள்ளும். வளைவு தட்டையாகத் தட்டையாக இந்தப் பக்கவாட்டுத் தள்ளல் கூடும்: அதே எடைக்கு உயரத்தைப் பாதியாக்கினால் தள்ளல் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். நடுத்தூணில் இரு கண்களின் தள்ளலும் எதிரெதிராகச் சமப்பட, கரைப் பக்கத் தள்ளலை அங்குள்ள கட்டுமானம் ஏற்கிறது. இடிந்துவிடும் என்று அன்று சிலர் அஞ்சிய அப்பாலத்தில் இன்றும் ரயில்கள் ஓடுகின்றன.

இடப்பக்கம் தொலைவில் தெரியும் பழைய சாலைப் பாலத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக இயந்திரம். அதன் முகப்பில் நெருப்பு ஒளிர்கிறது. உண்மையில் நெருப்பு எரியும் அறை ஓட்டுநர் நிற்கும் பின்பக்கத்தில்தான் இருக்கும், முன்னால் இருப்பது புகைபோக்கி. இதை நான் பிழையாகக் கருதவில்லை. ஆற்றல் பிறக்கும் இடத்தை நம் கண்ணெதிரே கொண்டுவர ஓவியர் எடுத்த முடிவாகவே எனக்குப் படுகிறது. இப்போது ரயிலுக்கு முன்னால் உள்ள பாதையை இன்னும் பெரிதாக்குங்கள்: மங்கிப்போன ஒரு முயல் அங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. வேகத்தை அளக்க டர்னர் நமக்குத் தந்திருக்கும் அளவுகோல் அதுவே.