காலை வாருவது ‘மாறியவை’ பகுதிதான்: கிளவுட் அப்டேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளவுட் மென்பொருளுக்கு அப்டேட் குறிப்பு வந்ததும் பெரும்பாலோர் முதலில் புரட்டுவது ‘புதிய வசதிகள்’ பகுதியை. அவசரமே இல்லாத பகுதி அது. வேறொரு மென்பொருளோடு இணைக்கும் புதிய கனெக்டரோ புதிய திரையோ நாம் எடுத்துப் பயன்படுத்தும்வரை சும்மா கிடக்கும். மாறியவையும் நீக்கப்பட்டவையும் அப்படியல்ல. நம்மைக் கேட்காமலே நடுராத்திரியில் ஓடும் வேலைக்குள் நுழைந்துவிடும். வெவ்வேறு மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஒருங்கிணைப்பு வேலையில் இருப்பவர்கள் இந்தக் குறிப்புகளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும் கிளவுட் மென்பொருளான சேல்ஸ்ஃபோர்ஸை எடுத்துக்கொள்வோம். ஸ்பிரிங், சம்மர், வின்டர் என ஆண்டுக்கு மூன்று வெளியீடுகள். ஒவ்வொன்றிலும், மற்ற மென்பொருள்கள் அதோடு பேசும் வழியான ஏபிஐயின் பதிப்பெண் ஒன்று கூடும். பழைய எண்களும் பல ஆண்டுகள் வேலை செய்யும். இந்தத் தாராளம்தான் வினை. 21.0 முதல் 30.0 வரையிலான பதிப்புகளை 2023-இல் நிறுத்தப்போவதாக முதலில் அறிவித்தார்கள். பிறகு 2025 சம்மர் வெளியீட்டுக்குத் தள்ளிவைத்தார்கள். தேதி தள்ளிப்போனால் வேலையும் ஒழிந்தது என்று எண்ணிப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவது மிகப் பழைய தவறு.

“நாங்கள் எழுதியதெல்லாம் புதிய பதிப்புதான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவது அடுத்தது. பழைய எண் ஒளிந்திருப்பது வேறு இடங்களில்: எப்போதோ யாரோ டபிள்யூஎஸ்டிஎல் கோப்பிலிருந்து (ஏபிஐயை எப்படி அழைப்பது என்ற விவரக் கோப்பு) உருவாக்கிய ஜாவா வகுப்புகள், நிதிப் பிரிவின் ஒரு கணினியில் இன்னும் ஓடும், தரவை மொத்தமாக ஏற்றி இறக்கும் பழைய டேட்டா லோடர், பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துபோன வெளிக் கருவி. எந்தப் பயனர், எந்த ஐபி முகவரியிலிருந்து, எந்தப் பதிப்பை அழைத்தார் என்பதை ‘ஏபிஐ டோட்டல் யூசேஜ்’ என்ற நிகழ்வுப் பதிவு காட்டும். அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. ஆனால் ஒரு நாள் பார்த்துவிட்டு மூடிவைத்தால் பயனில்லை. மாதக் கடைசியில் மட்டும் ஓடும் கணக்கு வேலை, மாதக் கடைசியில்தான் அதில் தென்படும்.

நிறுத்தப்பட்ட பதிப்பை அழைத்தால் கிடைக்கும் பதிலையும் கவனிக்க வேண்டும். ஏபிஐயை அழைக்கும் வழியைப் பொறுத்துப் பிழைக் குறியீட்டெண் மாறும்: ரெஸ்ட் வழியில் 410, பல்க் வழியில் 400, சோப் வழியில் 500. ஒரே கோளாறுக்கு மூன்று முகம். 500 வந்தால் மறுமுனை சர்வர் தற்காலிகமாகத் தடுமாறுகிறது என்று கொண்டு மறுபடி முயற்சி செய்யும்படிதான் பல இடங்களில் விதி எழுதியிருப்பார்கள். விளைவு, சோப் வழி செல்லும் கோரிக்கை திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருக்கும், வரிசை நீளும், இரவுப் பணியில் இருப்பவர் மறுமுனைக் குழுவை எழுப்பி “உங்கள் சர்வர் படுத்துவிட்டதா?” என்று கேட்பார். சர்வர் நன்றாகத்தான் இருக்கும். மறுமுயற்சி விதி குறியீட்டெண்ணை மட்டும் பார்த்தால் போதாது. பிழைச் செய்தியையும் படிக்க வேண்டும்.

சாண்ட்பாக்ஸில், அதாவது சோதனைக்கான நகல் சூழலில், சோதித்துவிட்டோம் என்ற நிம்மதியும் சில நேரம் பொய். சேல்ஸ்ஃபோர்ஸில் எல்லா சாண்ட்பாக்ஸுக்கும் புதிய வெளியீடு முன்கூட்டியே வருவதில்லை. முன்னோட்டப் பிரிவில் இருப்பவற்றுக்கு மட்டுமே வரும். பழைய வெளியீட்டிலேயே இருக்கும் சாண்ட்பாக்ஸில் எத்தனை சோதனை நடத்தினாலும் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். முதலில் அது எந்த வெளியீட்டில் இருக்கிறது என்று பாருங்கள்.

மென்பொருள்களை இணைக்கும் தளமான மியூல்சாஃப்ட் பக்கம் நடந்த ஜாவா மாற்றம் இன்னும் வில்லங்கமானது. 2024 பிப்ரவரியில் வந்த அதன் ரன்டைம் (இணைப்பு நிரல்களை ஓட்டும் மென்பொருள்) மியூல் 4.6, ஜாவா 8, 11, 17 மூன்றையும் ஏற்றது. 4.9-இல் ஜாவா 17 மட்டும்தான். ஒரு வகுப்பின் தனிப்பட்ட புலங்களை வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பதை ஜாவா 17 கண்டிப்பாகத் தடுக்கிறது. எனவே தரவை உருமாற்றும் மியூல் மொழியான டேட்டாவீவ் கையாளும் ஜாவா வகுப்புகளில் அளவுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டரும் (பொருளை உருவாக்கும் முறை), புலத்தைப் படிக்கும் கெட்டர், மாற்றும் செட்டர் முறைகளும் இருந்தாக வேண்டும். இதை மறந்தால் முதல் சோதனையிலேயே தெரிந்துவிடும், பயமில்லை.

பயப்பட வேண்டியது பிழை கையாளும் பகுதிக்கு. ஜாவா 17-க்கு மாறும்போது ‘எரர்.மியூல்மெசேஜ்’ என்று எழுதியதை ‘எரர்.எரர்மெசேஜ்’ என்றும், ‘எரர்.எரர்ஸ்’ என்பதை ‘எரர்.சைல்ட்எரர்ஸ்’ என்றும் மாற்ற வேண்டும். பிழை வந்தால்தானே அந்த வரி ஓடும்? சோதனையில் ஒழுங்கான ஆர்டர்களை மட்டும் அனுப்பினால் அந்தப் பக்கம் யாருமே போவதில்லை. என்றோ ஒருநாள் கட்டணச் சேவை பதில் தராமல் நேரம் கடந்துபோகும்போது, அதைப் பதிவுசெய்ய வேண்டிய பகுதியே இடறி விழும். மூலப் பிழை அடியில் புதைந்துபோகும். ஆகவே வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். தவறான கடவுச்சொல்லைக் கொடுங்கள், மறுமுனையை நிறுத்திவையுங்கள், கட்டாயப் புலத்தைக் காலியாக விட்டு அனுப்புங்கள். என் கணக்கில் அப்டேட்டுக்குப் பிந்தைய சோதனையில் பாதி, தோல்விகளைச் சோதிப்பதாக இருக்க வேண்டும்.

ரன்டைம், கனெக்டர், கூடவே ஆசைப்பட்ட ஒரு புதிய வசதி என எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உடைந்தால் எது உடைத்தது என்று தெரியாது. ஜாவா 17-க்கு ஏற்ற கனெக்டர் பதிப்புகளை முதலில் மாற்றி, சில நாள் ஓடவிட்டு, பிறகு ரன்டைமைத் தொடுங்கள்.

எந்த மென்பொருளின் குறிப்பிலும் தேடிக் கிடைக்காமல் போகக்கூடிய மாற்றம் ஒன்றும் இருக்கிறது. இணைப்பின் மறுமுனை யார் என்பதை உறுதிசெய்யும் பொது டிஎல்எஸ் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளைப் படிப்படியாகக் குறைக்க, சான்றிதழ் வழங்குவோரும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம் 2025-இல் முடிவெடுத்தது. 398 நாளாக இருந்த வரம்பு 2026 மார்ச் 15 முதல் 200, 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் வெறும் 47. மறுமுனையின் சான்றிதழை வாங்கி நம்பகப் பெட்டகத்தில் (நம்பத்தக்க சான்றிதழ்களின் சேமிப்பில்) கையால் ஒட்டிவைக்கும் வழக்கம் இருந்தால், ஆண்டுக்கு ஒருமுறை பார்த்த அந்த வேலை எட்டு முறைக்கு வந்து நிற்கும். தனிச் சான்றிதழுக்குப் பதிலாக அதை வழங்கிய அமைப்பின் மூலச் சான்றிதழை நம்பும்படி மாற்றிவிடலாம். நம் பக்கத்துச் சான்றிதழ்களைப் புதுப்பிப்பது தானாக நடக்க வேண்டும். எந்த இணைப்புக்கு எந்தச் சான்றிதழ், யார் பொறுப்பு என்ற பட்டியல்கூட இல்லாத குழு, அதை எழுதுவதிலிருந்து தொடங்கலாம்.