கண்டக்டருக்குப் பாடம் எடுக்காதீர்கள்

வீட்டுக் கூடத்தில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்றன்பின் ஒன்றாக. அதுதான் பஸ். என் நான்கு வயது மகள் தோளில் ஜோல்னாப் பை, வாயில் விசில். "அம்பாசமுத்திரம், நிலா, ஆச்சி வீடெல்லாம் ஏறு!" நான் சும்மா இருந்திருக்கலாம். "நிலாவுக்கெல்லாம் பஸ் கிடையாதுமா" என்றேன். விசிலைக் கழற்றி என் கையில் வைத்தாள். "அப்போ நீயே கண்டக்டரா இருப்பா." ஆட்டம் அதோடு சரி. அன்றிலிருந்து திருத்துவதை விட்டுவிட்டேன்.

குழந்தையோடு இப்படிப் பாவனை விளையாட்டு ஆட நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள். முதலில் விளையாட்டுச் சாமான். ஒன்றரை வயதுக் குழந்தை காலி டம்ளரை உறிஞ்சிக் குடிப்பதாகக் காட்டும்; அந்த வயதுக்கு அசல் மாதிரியே இருக்கும் மரச்செப்பு நல்லது. மூன்றைத் தாண்டியபின் செருப்புப் பெட்டி, துண்டு, கொட்டாங்கச்சி போதும். குச்சியைக் குதிரையாக ஓட்டும் குழந்தை, பொருளிலிருந்து அர்த்தத்தைப் பிரிக்கப் பழகுகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933-ல் ஓர் உரையில் விளக்கினார். என் மகளுக்குச் சீப்புதான் டிக்கெட் மெஷின். பற்களில் விரலை ஓட்டிக் 'கிர்ர்' என்பாள். நாள்காட்டித் தாள் டிக்கெட்டாக வரும். பேட்டரியில் பாடும் சமையல் செட்டும் வாங்கினோம். இரண்டே நாளில் பரணுக்குப் போனது. புளியங்கொட்டை, சோழி மட்டும் மூன்று வயதுக்குள் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

அப்புறம் உங்கள் வேடம். சின்னதாகக் கேட்டு வாங்குங்கள். நான் எப்போதும் பயணிதான். "இது என்ன கலர்?" என்று நடுவில் பரீட்சை வைக்கக் கூடாது. ஆட்டம் தொய்ந்தால் ஒரு சிக்கலைப் போடுங்கள். ஒருநாள் பூவரச இலையை நீட்டி, "ஐந்நூறு ரூபாய்தான் இருக்கு" என்றேன். பையைத் துழாவினாள், என்னை முறைத்தாள், டிக்கெட்டின் பின்பக்கம் எதையோ கிறுக்கித் தந்தாள். "மீதியை இறங்கும்போது வாங்கிக்கோங்க." அவளுக்கு இன்னும் எழுதத் தெரியாது!

சாப்பாட்டு நேரமானால், "விளையாடினது போதும்" என்று அதட்டாதீர்கள். "டிப்போ வந்தாச்சு, கண்டக்டர் சாப்பிடலாம்" என்றால் ஒரு விசில் அடித்து வண்டியை நிறுத்திவிட்டு வந்துவிடுவாள். நாற்காலிகளை அன்றைக்கே கலைக்க வேண்டாம். விருந்தாளி வந்தால் டிக்கெட் எடுத்துவிட்டு உட்காரட்டும்.